பதில்: ஆளுங்களோட இபிஎஃப் கட்டல, கேட்டா சபையில சண்டை வருமே

பிரதர், பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல கிராணியா (கிளார்க்கா) இருக்கேன், கான்ட்ராக்டர் ஆளுங்க சம்பளத்துல இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதிப் பணத்த, பிடிச்சிட்டு கட்டவே இல்ல, அவரு எங்க சபை மூப்பர் வேற, பேசினா வேலையும் போகும் சபை சமாதானமும் கெடும்னு எழுதியிருக்கீங்க. உங்க பயம் எனக்குப் புரியுது, பிள்ளைங்க இருக்கிற வீடு. ஆனா அதுக்கு சமாதானம்னு பேர் வைக்காதீங்க பிரதர். இயேசுவ விசாரிச்ச ரோம அதிகாரி பிலாத்துவுக்கும் அவர் மேல குத்தம் இல்லன்னு நல்லாவே தெரியும், ஜனங்களப் பிரியப்படுத்தத்தான் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தான், மாற்கு 15 எடுத்துப் படிங்க.

பயத்துக்குப் பணியாம நின்னவங்களும் இருக்காங்க. நம்ம பேராக்லயே, பாப்பான்ங்கிற ஊர்ல இருந்த சிபில் கார்த்திகேசு அம்மா, கத்தோலிக்க நர்ஸ், ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல அவன எதிர்த்துச் சண்டை போட்ட கெரில்லாக்களுக்கு வைத்தியம் பாத்தாங்க, 1943ல பிடிச்சுட்டுப் போயி அவ்வளவு சித்திரவதை பண்ணியும் காட்டிக் கொடுக்கல, 1948ல இறந்துட்டாங்க. விசுவாசம் இருந்ததாலதான் அவங்களால தாங்க முடிஞ்சதுன்னு நான் முழுசா நம்புறேன்.

மொதல்ல மூப்பர தனியா பாத்துப் பேசுங்க, மத்தேயு 18:15 அப்படித்தான் சொல்லுது. ஒரு மாசச் சம்பளத்துக்கு அடுத்த மாசம் 15க்குள்ள கட்டியாகணும், பிடிச்சிட்டு கட்டாம இருக்கிறது சட்டப்படி குற்றம், இத அவர்கிட்ட நேராவே சொல்லுங்க. சம்பள சிலிப்ப ஆளுங்க பத்திரமா வச்சிருக்கட்டும், இபிஎஃப்போட ஆன்லைன் கணக்கான ஐ-அக்கவுன்ட்லயும் பணம் ஏறியிருக்கான்னு அவங்களே பாக்கட்டும். அவரு கேக்கலன்னா இபிஎஃப் ஆபிஸ்ல புகார் குடுங்க, தனியா போகாதீங்க, பாஸ்டரையும் கூட்டிட்டுப் போங்க. எத்தன மாசமா கட்டலன்னு எழுதுங்க, ஜெபத்துல உங்கள வச்சிருக்கேன்.