ஒரு சொட்டு கூட கீழே இல்லை, கூலன்ட் மட்டும் குறையுது

கோவையில 22 வருஷமா சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். எஞ்சினை ஆத்துற கூலன்ட் குறையுது, எங்கே போகுதுன்னே தெரியலைங்கிற கேள்விகளை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கிறேன்.

அண்ணா, 2015 பெட்ரோல் கார். மாசம் அரை லிட்டர் ஊத்துறேன். அட்டை விரிச்சு வண்டியை நிறுத்திப் பார்த்தாச்சு, ஒரு சொட்டு இல்லை. ஹெட்டைக் கழட்டணும்ங்கிறார் மெக்கானிக். — கரூர்

ஹெட்டுங்கிறது சிலிண்டர்களுக்கு மேல உட்கார்ந்திருக்கிற எஞ்சினோட மேல் பாகம். இப்போதைக்கு அதைக் கழட்ட விடாதீங்க தம்பி. தரையில சொட்டலைங்கிறதுக்காக எஞ்சினுக்குள்ளதான் போகுதுன்னு முடிவு கட்டக் கூடாது. சூடான இடத்துல கசிஞ்சா கீழே வர்றதுக்குள்ள ஆவியாயிடும். ஆனா தடயம் நிக்கும். எஞ்சின் நல்லா ஆறினப்புறம் டார்ச் அடிச்சுப் பாருங்க: ஹோஸ் கிளிப்புகள், தெர்மோஸ்டாட் மூடி, ரேடியேட்டர்ல பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ற மடிப்பு. பச்சையாவோ ரோஸாவோ உப்புப் பூத்த மாதிரி இருந்தா அதுதான் இடம். வாட்டர் பம்ப் அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் போனா வெளியே காட்டிக் கொடுக்கத்தான் அந்த ஓட்டையே. அதை எம்-சீல் வச்சு அடைச்ச ஒருத்தரையும் பார்த்திருக்கேன்.

கண்ணுக்கு ஒண்ணும் படலைன்னா பிரஷர் டெஸ்டர் வேணும். சைக்கிள் பம்ப் மாதிரி கையால அடிக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் ஊத்துற மூடியைக் கழட்டி, அந்த இடத்துல இதை மாட்டி, மூடியில எழுதியிருக்கிற அளவுக்கு, 0.9 இல்லேன்னா 1.1 பார்னு போட்டிருக்கும், அடிச்சுட்டுக் கால் மணி நேரம் விட்டுடுங்க. முள் இறங்கினா கசிவு உறுதி. இறங்குது, ஆனா வெளியே எங்கேயும் ஈரமில்லைன்னாதான் உள்ளே தேடணும். ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழட்டிப் பாருங்க. மூணு கறுத்திருக்க ஒண்ணு மட்டும் கழுவி வச்ச மாதிரி இருந்தா, அந்த சிலிண்டர்ல தண்ணி எரியுதுன்னு அர்த்தம்.

முள் அசையலைன்னா மூடியைச் சந்தேகப்படுங்க. கடை போட்ட புதுசுல ஒரு வண்டிக்கு ஹெட்டைக் கழட்டி, லேத்துக்கு அனுப்பி, ஹெட்டுக்கு அடியில வர்ற அடைப்புத் தகடான கேஸ்கெட்டைப் புதுசா போட்டுக் கொடுத்தேன். பத்தே நாள்ல அதே குறையோட திரும்பி வந்துச்சு. மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தது. வாங்கின கூலியைத் திருப்பிக் கொடுத்துட்டு, அடுத்த வாரமே டெஸ்டர் வாங்கினேன்.

மூடி போனா கூலன்ட் எப்படி சார் குறையும்? — விழுப்புரம்

கூலன்டும் தண்ணியும் சரிபாதி கலந்தா, சாதாரண அழுத்தத்துல 107 டிகிரி பக்கத்துல கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வச்சா அது 125 டிகிரியைத் தாண்டும். ஸ்பிரிங் தளர்ந்துட்டா முன்னாடியே கொதிச்சு ஆவியா வெளியே போயிடும், ஈரமே தெரியாது. பழைய மாடல்ல, ரேடியேட்டர் மேலேயே மூடி இருக்கிற வண்டியில, இன்னொரு வேலையும் அதுக்கு உண்டு. ஆறும்போது, பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக் கூலன்ட் டப்பாவிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே இழுக்கணும். அதுக்காக மூடியில இருக்கிற வால்வு ஒட்டிக்கிட்டா டப்பா நிறைஞ்சே இருக்கும், ரேடியேட்டர் காலியாயிட்டிருக்கும். காலையில மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தா இதுதான். சூடா இருக்கும்போது மட்டும் மூடியில கை வைக்காதீங்க, முகம் வெந்துடும்.

முன்னாடி இடது பக்க மேட் நனையுது. ஏசி தண்ணின்னு சொல்றாங்க. — ஊட்டி

தொட்டுப் பாருங்க. ஏசி தண்ணி வெறும் தண்ணி. பிசுபிசுன்னு இருந்து இனிப்பா ஒரு வாடை வந்தா ஹீட்டர் கோர் ஒழுகுது; சூடான கூலன்ட் ஓடுற, ஹீட்டருக்கான சின்ன ரேடியேட்டர் அது. ஹீட்டர் போட்டதும் கண்ணாடியில எண்ணெய்ப் படலம் மாதிரி மூடுறதும் அதாலதான். வாயில வச்சு மட்டும் பார்க்காதீங்க, விஷம். தரையில சிந்தினாலும் கழுவி விடுங்க, இனிப்புக்கு நாய் நக்கிடும்.

காலையில ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துல மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆயிடுது. டப்பாவில குமிழி. — சிவகாசி

ஒரு நிமிஷத்துல கூலன்ட் சூடாகி அழுத்தம் வர வாய்ப்பே இல்லை, அது சிலிண்டர் புகை. டப்பா வாயில நீல திரவம் வச்ச ஒரு குழாய் மாட்டிச் சோதிப்பாங்க. பெட்ரோல் வண்டியில அது மஞ்சளா மாறினா ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கு. இங்கே கழட்டித்தான் ஆகணும். ஆனா லேத்துல ஹெட் வளைஞ்சிருக்கா, விரிசல் இருக்கான்னு பார்க்காம கேஸ்கெட்டை மட்டும் மாத்தினா காசு வீண்.

டீசல் வண்டி. ஆயில் சுத்தமா இருக்கு, சூடும் ஏறலை, கூலன்ட் மட்டும் குறையுது. — நாமக்கல்

ஈஜிஆர் கூலரைப் பாருங்க. சைலன்சர் புகையைக் கூலன்ட் விட்டு ஆத்துற பாகம் அது. உள்ளே வெடிச்சா கூலன்ட் புகையோட கலந்து எஞ்சினுக்குள்ள போய் எரிஞ்சுடும், காலையில வெள்ளைப் புகை வரும். கழட்டி, ஒரு முனையை அடைச்சு, காத்து விட்டுத் தண்ணியில முக்கினா பஞ்சர் கடையில ட்யூப் பார்க்கிற மாதிரி தெரிஞ்சுடும். இதுக்கே ஹெட் செலவு பண்ணிட்டு வந்தவங்க நிறைய.

ஒழுகலுக்கு மஞ்சத்தூள் போடலாமா? எங்க அப்பா லாரியில போடுவார். — சங்ககிரி

அப்பா காலத்து ரேடியேட்டர் பித்தளை, குழாயும் அகலம். ஊசி ஓட்டையை மஞ்சள் அடைச்சது உண்மைதான். இப்போ இருக்கிற மெல்லிசு அலுமினியக் குழாயையும் ஹீட்டர் கோரையும் சேர்த்தே அடைச்சுடும். நடுக்காட்டுல மாட்டிக்கிட்டா வெறும் தண்ணி ஊத்தி மெதுவா ஊர் வந்து சேருங்க.

போர் தண்ணி ஊத்தலாமா அண்ணே? — திருப்பூர்

அந்த ஒரு தடவைக்குச் சரி. பழக்கமாக்கினா உப்புப் படிஞ்சுடும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் டிக்கியில போட்டு வைங்க.

சூடு முள் கீழேயே நிக்குது, அப்போ பயமில்லைதானே? — தேனி

கூலன்ட் ரொம்ப இறங்கிட்டா சென்சார் காத்துல தொங்கும், முள் பொய் சொல்லும். ஹீட்டரைப் போடுங்க. எஞ்சின் சூடாகியும் குளிர்ந்த காத்து வந்தா உள்ளே தண்ணி இல்லை. ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்க.