திருவிழா வெயிலில் பீர் பாதியில் நாறுவது ஏன்?

பீர் கெட்டு வரவில்லை, உங்கள் கோப்பையில்தான் கெட்டது. முதல் மடக்கு அருமை, பாதியில் நாற்றம் என்கிறீர்களே, அது வெயிலின் வேலை. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்புப் பொருளில் ஒளி பட்டால் கந்தகம் உள்ள ஒரு சேர்மம் உருவாகும். துளியளவு போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒளி ஊடுருவும் கோப்பையில், நேர் வெயிலில், சில நிமிடங்களிலேயே இது நடக்கும். காரணம் சூடு அல்ல, ஒளி. அதனால் ஐஸ் வைத்தும் பயனில்லை.

அடுத்த முறை அதே பீரை இரண்டு சிறு கோப்பைகளில் வாங்குங்கள். ஒன்றை வெயிலிலும் மற்றதை நல்ல நிழலிலும் பத்து நிமிடம் வைத்து முகர்ந்து பாருங்கள்.

நிழலில் இருந்ததும் புளிப்பாகவோ வெண்ணெய் வாடையாகவோ இருந்தால் விஷயம் வேறு. பீர் வரும் குழாய் சுத்தமில்லாமல் இருக்கலாம். ஊற்றுபவரிடம் தயங்காமல் சொல்லுங்கள், அக்கறையுள்ளவர் உடனே மாற்றித் தருவார்.