ஆங்கில மொழிமூல வகுப்பு இடம் மாறுகிறது, சேர்ப்பு எல்லையும் மாறுகிறது: எந்தப் பக்கம் நிற்பது?

கேள்வி இதுதான்: "திருகோணமலை நகருக்குள் இருக்கிற எங்கட பாடசாலையின் ஆங்கில மொழிமூல வகுப்புகளை வேறொரு பாடசாலைக்குக் கொண்டுபோகப் போறாங்களாம். முதலாம் தரச் சேர்ப்பு எல்லையும் மாறுதாம். பெற்றோர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். நான் எந்தப் பக்கம் நிற்க?"

உங்களுக்கு ஆறாம் தரத்தில் ஒரு பிள்ளை, முதலாம் தரத்துக்குக் காத்திருக்கிற இன்னொன்று என்று வைத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். பக்கம் எடுக்குமுன் முடிச்சை அவிழ்க்கவேண்டும். சேர்ப்பு எல்லை, அதாவது எந்த இடத்துப் பிள்ளைகளைப் பாடசாலை எடுக்கும் என்பது, முதலாம் தரத்துச் சங்கதி. ஆங்கில மொழிமூலம் ஆறாம் தரத்தில் தொடங்குவது. இரண்டுக்கும் விதி வேறு, முறையிடும் வழியும் வேறு. வாட்சப் குழுவில் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதால்தான் யாருக்கும் எதுவும் விளங்காமல் சண்டை மட்டும் நடக்கிறது.

முதலில் வகுப்பு. அரசாங்கப் பாடசாலைகளில் இது 2001இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் வந்து, 2002இல் ஆறாம் தரத்துக்கு இறங்கியது. கணிதம், விஞ்ஞானம், சுகாதாரம் போன்ற சில பாடங்கள் ஆங்கிலத்தில். தாய்மொழி, சமயம், வரலாறு தமிழில். வெளிநாட்டிலிருந்து "கனடாவில் இமெர்ஷன் (இரண்டாம் மொழியிலேயே பாடங்களைப் படிப்பிக்கிற முறை) இப்படியில்லை" என்று அறிவுரை சொல்பவர்கள் கவனிக்கவேண்டும்: 1965இல் மொன்றியலுக்குப் பக்கத்துச் செயின்ட் லாம்பெர்ட்டில் தொடங்கிய பிரெஞ்சு வகுப்பு பாலர் வகுப்பிலிருந்தே முழுதும் பிரெஞ்சு. ஐந்து வருடம் தமிழில் படித்த பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சில பாடங்களை மட்டும் மாற்றுகிற நம்முடைய முறைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

இடம் மாற்றுவது என்றால் கூட்டத்தில் கட்டடம், மேசை கதிரை, கழிவறை என்றுதான் பேசுவார்கள். உண்மையில் மாறவேண்டியது ஆசிரியர். விரலை விட்டு எண்ணிப் பாருங்கள். ஆறிலிருந்து பதினொன்று வரை 6 தரம். தரத்துக்கு ஒரு வகுப்பு, விஞ்ஞானத்துக்குக் கிழமைக்கு 5 பாடவேளை என்று குறைத்தே வைத்தாலும் 30 பாடவேளை. பாடசாலைக் கிழமையே 40 பாடவேளைதான். அதாவது ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிற ஒரேயொருவர் முழுநேரமும் நின்றால் மட்டும் ஓடும். அவருக்குப் பிரசவ லீவு, இடமாற்றம், டெங்குக் காய்ச்சல் எது வந்தாலும் 6 வகுப்பும் ஒரே நாளில் படுத்துவிடும். பாடத்துக்கு இரண்டு பேர் இல்லாத இடத்துக்கு வகுப்பைக் கொண்டுபோகக் கூடாது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அடுத்து அந்த ஆசிரியர்கள் எப்படிப் போகிறார்கள் என்று கேளுங்கள். "தற்காலிக இணைப்பு" என்றால் அவருடைய பதவி பழைய பாடசாலையின் ஆளணியிலேயே (அங்கே ஒதுக்கப்பட்ட ஆசிரியர் இடங்களிலேயே) இருக்கிறது. இணைப்பு முடிந்ததும் திரும்பிவிடலாம், பிள்ளைகள் அங்கேயே நிற்பார்கள். புதிய பாடசாலையின் ஆளணியில் இடம் ஒதுக்கி, நிரந்தர இடமாற்றமாகக் கொடுத்தால்தான் பேச்சு. கிண்ணியாவிலிருந்து வருகிற ஆசிரியர்களையும் கணக்கில் எடுங்கள். 2009இல் பாலம் திறந்தபிறகு, தண்ணீரைக் கடக்கப் 'பாதை' என்கிற மிதவைப் படகுக்காகத் துறையில் காத்துநின்ற காலம் போய்விட்டது, உண்மைதான். ஆனால் நகருக்குள் இன்னொரு பஸ் மாறவேண்டிய இடத்துக்கு வகுப்பு போனால், 7.30 மணிக்கு முதல் பாடவேளை வெறுமையாகக் கிடக்கும்.

புதிய பாடசாலை எந்த வகை என்பதையும் பாருங்கள். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி என்றால் கலை, வர்த்தகம் மட்டும். வகை 2 என்றால் பதினொன்றோடு சரி. கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் படித்த பிள்ளையை 1சி பாடசாலையில் கொண்டுபோய் விட்டால், சாதாரண தரம் முடிந்ததும் மறுபடி இடம் தேடி அலையவேண்டும்.

நடுவழியில் வகுப்பு கலைந்தால் என்ன நடக்கும் என்பதைப் பெற்றோர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆறாம் தரத்தில் நிரம்பித் தொடங்குகிற வகுப்பு மேலே போகப் போகச் சுருங்கும். விலகுவோர் உண்டு, இடையில் புதிதாகச் சேர்வோர் மிகக் குறைவு. ஒன்பதாம் தரத்தில் பத்துப் பேரோடு நிற்கிற வகுப்பை நடத்த எந்த அதிபருக்கும் மனம் வராது, தமிழ் வகுப்போடு சேர்த்துவிடுவார். அன்றைக்கு அந்தப் பிள்ளை கையில் எடுக்கிற புத்தகத்தில் 'ஆர்முடுகல்' என்று இருக்கும். அது தான் ஏற்கெனவே படித்த 'அக்சலரேஷன்' என்று அதற்குத் தெரியாது. 'திணிவு', 'ஒளித்தொகுப்பு', 'தொகுதியெண்' எல்லாம் அப்படித்தான். பாடம் தெரியும், சொல் தெரியாது. ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போட்டு, ஒவ்வொரு அலகு முடிந்ததும் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை எழுதவைத்தால் பாதிச் சிக்கல் தீரும். வகுப்பு மாறினாலும் மாறாவிட்டாலும் இதை இன்றைக்கே தொடங்குங்கள். (இதை வாசித்துவிட்டு "இவர் ஆங்கிலத்துக்கு எதிரி" என்று ஒருவரும் "தமிழுக்கு எதிரி" என்று இன்னொருவரும் வருவீர்கள். இரண்டும் இல்லை. ஆசிரியர் இல்லாத வகுப்புக்குத்தான் எதிரி.)

இனி எல்லை. கல்வி அமைச்சின் முதலாம் தரச் சேர்ப்புச் சுற்றறிக்கையில் இடங்கள் பிரிக்கப்பட்ட விதம்: அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, சகோதரர் படிப்போருக்கு 15, மிச்சம் சிறு பிரிவுகளுக்கு. சுற்றறிக்கை திருத்தப்பட்டு வெளியாகும், ஆகவே கடைசியாக வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அருகில் வசிப்போர் பிரிவில் வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, மின்பட்டியல் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. ஆனால் ஆளை விழுத்துவது தூரப் புள்ளி. விண்ணப்பிக்கிற பாடசாலையைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்ட, பிள்ளை சேரக்கூடிய வேறு அரசாங்கப் பாடசாலை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி கழியும்.

இது நேர்கோட்டுத் தூரம். வீட்டை மையமாக வைத்து, பாடசாலை வரை கவராயத்தால் வட்டம் போட்டுப் பார்க்கவேண்டும். கூகிள் மேப்பில் தூரம் அளக்கிற வசதியாலும் பார்க்கலாம். திருகோணமலையில் வட்டம் போட்டால் ஒரு வேடிக்கை: பாதி கடலுக்குள் விழும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உள்துறைமுகம், நடுவில் ஒடுங்கிய நகர். மிஷன்களும் சைவப் பெரியார்களும் நடைதூரத்துக்குள் கட்டிய பாடசாலைகளை 1960இன் சட்டத்தோடு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நகர நடுவில் வீடு என்றால் நாலைந்து பாடசாலை வட்டத்துக்குள் வந்து புள்ளியைத் தின்னும். மட்டிக்களிப் பக்கம் என்றால் தண்ணீருக்கு அக்கரையில் உள்ளதுகூட 'கிட்ட' என்று எண்ணப்படலாம். இயற்கைத் தடை பற்றிச் சுற்றறிக்கை என்ன சொல்கிறது என்று அந்தப் பந்தியை வரி வரியாக வாசியுங்கள். நேர்முகத்தில் எடுத்துக் காட்டாவிட்டால் உங்களுக்காக ஒருவரும் காட்டமாட்டார்.

இரண்டு விஷயமும் முட்டுகிற ஒரேயிடம் சகோதரர் பிரிவு. மூத்ததை ஆங்கில வகுப்போடு புதிய பாடசாலைக்கு அனுப்பினால், பழைய பாடசாலையில் இளையதுக்குச் சகோதரர் உரிமை கேட்க அங்கே ஆள் இல்லை. கூட்டத்தில் முதலில் எழுப்பவேண்டிய கேள்வி இதுதான். வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

கூட்டத்துக்குப் போனால் தலைப்பில்லாத வெற்றுத்தாளில் வரவுக் கையொப்பம் போடாதீர்கள். திகதியும் "கலந்துகொண்டோர்" என்ற தலைப்பும் எழுதியபிறகு போடுங்கள், போட்டதும் போனில் படம் எடுங்கள். வரவுத்தாள் சம்மதக் கடிதமாக மாறுவது இந்த நாட்டில் புதிதில்லை. பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே விண்ணப்பம் கொடுங்கள். இடமாற்றத் தீர்மானத்தின் பிரதி, இரு பாடசாலைகளிலும் ஆங்கில மொழிமூல ஆசிரியர் ஆளணி, தரவாரியாக மாணவர் தொகை, இந்த மூன்றும் போதும். தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் சொல்லவேண்டும். தீர்மானத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகிற அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம், ஆகவே தகவல் விண்ணப்பத்துக்குப் பதில் வரட்டும் என்று சும்மா இருக்காமல் இடமாற்றக் கடிதம் கிடைத்த கிழமையே சட்டத்தரணியைப் பாருங்கள்.

   

எந்தப் பக்கம் என்றால், மாற்றுவதை எதிர்க்காதீர்கள், ஒரே நாளில் மாற்றுவதை எதிர்த்து நில்லுங்கள். அடுத்த ஜனவரியில் ஆறாம் தரம் மட்டும் புதிய இடத்தில் தொடங்கட்டும். ஏழும் மேலும் இருக்கிற இடத்திலேயே பதினொன்று முடிக்கட்டும். ஐந்து வருடத்தில் பழையது தானாக வெறுமையாகும். "ஒரு வகுப்பின் 5 பாடவேளைக்காக ஒரு விஞ்ஞான ஆசிரியரை எப்படி அனுப்புவது?" என்று கேட்பார்கள். புதிய பாடசாலையின் தமிழ்மூல விஞ்ஞானத்தில் மிச்சப் பாடவேளைகளைக் கொடுத்தால் அவருடைய நேரசூசி நிரம்பும். அந்த நேரசூசியை நீங்களே ஒரு தாளில் கீறிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.