8 வெற்றி, 16 தோல்வி: அச்சுப்பிழை அல்ல
1987இல் அமெரிக்க பேஸ்பால் அணியான ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு ஆடிய 40 வயதுப் பிட்சர் (பந்து வீசுபவர்) நோலன் ரயன், 8 வெற்றிகளே பெற்று, 16 ஆட்டங்களில் தோல்வியைச் சுமந்தும் ஈ.ஆர்.ஏ. (பிட்சர் தன் பொறுப்பில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன்; குறைவாக இருப்பதே நல்லது) பட்டியலில் முதலிடம் பெற்றது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தோல்விக் கணக்கும் முதலிடமும் இரண்டுமே சரி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.76 ரன் மட்டுமே கொடுத்து, 270 ஸ்ட்ரைக்அவுட்டுகளும் (மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்கச் செய்வது) எடுத்த அவர், இரண்டிலும் அமெரிக்க பேஸ்பாலின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் முதல்வர். ஆனால் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சரின் கணக்கில் வெற்றி ஏற வேண்டுமானால், அவர் ஐந்து இன்னிங்ஸாவது வீசி, முன்னிலையோடு வெளியேறி, பின்னால் வரும் பிட்சர்கள் அந்த முன்னிலையைக் கடைசிவரை காக்கவும் வேண்டும். 76 வென்று 86 தோற்ற அணியோ அவருக்குப் போதிய ரன்களை அடித்துக் கொடுக்கவில்லை. சிறந்த பிட்சருக்கான அவ்வாண்டின் சை யங் விருதும் அவருக்குக் கிடைக்கவில்லை, அது அநியாயம் என்பதே என் கருத்து. பிட்சர்களைப் பட்டியலிடும் உங்கள் அட்டவணையை வெற்றி தோல்வியை வைத்து வரிசைப்படுத்தாமல், ஈ.ஆர்.ஏ.வையும் ஸ்ட்ரைக்அவுட்டுகளையும் முன்னே வையுங்கள்.