கலைக் கண்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் ஒரே ஓவியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பேசினால், வேறு வேறு படம் பார்த்தவர்கள் போலிருக்கிறது. நான் முகங்களைச் சொல்கிறேன். அவர் மேஜை நாற்காலியைச் சொல்கிறார். யார் பார்ப்பது சரி? (மதுரை வாசகி)

இருவரும் சரிதான், இருவரும் பாதிதான். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த அகலத்துக்குத்தான் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும், மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை இடம் மாறித் தாவிக்கொண்டே இருக்கிறது. எங்கே தாவுகிறது என்பதில்தான் உங்கள் வீட்டுச் சண்டை.

ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் இதைப் பிடித்துக் காட்டினார். ஓவியர் இலியா ரேப்பினின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று: நாடுகடத்தப்பட்டிருந்தவன் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் நுழைகிறான். தாய் நாற்காலியிலிருந்து எழுகிறாள், வேலைக்காரி கதவைப் பிடித்தபடி நிற்கிறாள், மேஜையருகே சிறுமி மிரண்டு பார்க்கிறாள். யார்பஸ் ஒரே ஆளை இந்தப் படத்தின் முன் பலமுறை உட்காரவைத்தார். கண்ணின்மேல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், சிறு கண்ணாடி பொருத்திய மூடியை ஒட்டி, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் பார்வையின் தடத்தைப் பதிவு செய்தார். (நினைத்தாலே எனக்குக் கண் கூசுகிறது.) “இவர்களுக்கு என்ன வயது?” என்று கேட்டபோது கண் முகம் முகமாகப் போனது. “வசதியான குடும்பமா?” என்றதும் உடைக்கும் சாமான்களுக்கும் போனது. படமும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை; கேள்விதான் மாறியது.

உங்கள் கணவர் படத்துக்குள் நுழையும்போதே “என்ன வசதியோ!” என்ற கேள்வியோடு நுழைகிறார் போலும். அடுத்த முறை கேள்வியை மாற்றிக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் இருப்பது அர்ஜுனன் தபசா, பகீரதன் தவமா? வழிகாட்டிக்கு வழிகாட்டி மாற்றிச் சொல்கிறார்கள். (செங்கல்பட்டு வாசகர்)

வழிகாட்டி வாயைத் திறப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிட வேண்டும். அவர் “அர்ஜுனன்” என்றதுமே எல்லார் கண்ணும் இடப்பக்கம் ஒற்றைக்காலில் நிற்கும் எலும்பும் தோலுமான தவசியிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. “கங்கை” என்றால் நடுப்பிளவுக்குப் போகிறது. பெயர் கிடைத்தபின் யாரும் பாறையைப் பார்ப்பதில்லை.

கங்கையைப் பூமிக்குக் கொண்டுவரத் தவமிருந்த பகீரதன் பக்கம்தான் எனக்குச் சாய்வு. பாறையின் இயற்கைப் பிளவில் நாகர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே தொட்டி இருந்ததற்கான தடயமும் உண்டு. அங்கிருந்து தண்ணீர் விட்டால் நாகர்கள் நனைந்து பளபளத்திருப்பார்கள். அர்ஜுனன் கட்சிக்காரர்களும் சளைத்தவர்கள் அல்லர்: சிவன் வரம் தரும் கோலத்தில் தவசிக்கு எதிரிலேயே நிற்கிறாரே என்பார்கள். பகீரதனும் அதே சிவனை நோக்கித்தானே தவமிருந்தான்!

இந்தச் சண்டையில் பலர் தவறவிடுவது வலப்பக்கத்துப் பூனையை. பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே பாருங்கள். பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, அந்தத் தவசியைப் போலவே நிற்கிறது. சுற்றிலும் எலிகள். நம் ருத்திராட்சப் பூனைதான்! ஏழாம் நூற்றாண்டில், இத்தனை பெரிய பக்திக் காட்சிக்குள் இந்தக் கேலியை வைக்கச் சிற்பிக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது. வைக்க விட்ட அரசனுக்கும்தான். கண்ணால் தவசியிலிருந்து பூனைக்கு ஒருமுறை போய்வாருங்கள். யார் தவசி என்ற வழக்கு அப்புறம் அவ்வளவு முக்கியமாகப் படாது.

கேள்வி: பணிக்கரின் ஓவியத்தில் எழுத்து எழுத்தாக இருந்தது. ஒன்றும் படிக்க முடியவில்லை. என்ன எழுதியிருக்கிறார்? (திருவான்மியூர் வாசகர்)

ஒன்றும் எழுதவில்லை. 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் மலையாள எழுத்தின் சாயலில் கிறுக்கல்களையும், ஜாதகக் கட்டங்கள் போன்றவற்றையும் போட்டார். படிப்பதற்காக அல்ல. எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க நமக்குத் தெரியாது. கண் இடமிருந்து வலமாக வரி பிடித்து ஓடும், பொருள் கிடைக்காமல் முட்டும், அப்புறம்தான் கோட்டையும் நிறத்தையும் பார்க்கத் தொடங்கும். உங்களுக்கும் முட்டியிருக்கிறது. நல்ல அறிகுறி.

கேள்வி: மோனாலிசாவை நேரில் பார்த்துவந்த என் அண்ணன் “இவ்வளவுதானா?” என்கிறார். (கோவை வாசகி)

77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். அவ்வளவுதான். 1911-இல் அது திருடுபோனபோது காலிச் சுவரைப் பார்க்கவும் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் உங்கள் அண்ணன் கொடுத்துவைத்தவர்.

கேள்வி: ஒரு ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்பது மரியாதை? (நாகர்கோவில் வாசகர்)

இதில் மரியாதை எங்கே வந்தது? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு படைப்புக்குச் சராசரியாக 27 நொடிதான் கிடைத்தது. அதில் பக்கத்துப் பலகையைப் படிக்கும் நேரமும் சேர்த்தி. என் வழக்கம்: அரங்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பிடித்த ஒன்றிடம் மட்டும் திரும்பி வருவேன். மற்றவை கோபித்துக்கொள்ளாது.

கேள்வி: சித்தன்னவாசலுக்குக் குடும்பத்தோடு போனோம். எல்லாம் அழிந்துவிட்டது போலிருக்கிறதே? (திருச்சி வாசகி)

நிறைய அழிந்துவிட்டது உண்மை. ஆனால் புதுக்கோட்டை வெயிலிலிருந்து நேரே குடைவரைக்குள் நுழைந்தால் இருக்கிறதும் தெரியாது. இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடங்களாவது ஆகும். நீங்கள் அதற்குள் வெளியே வந்திருப்பீர்கள். அடுத்த முறை காலை வெயில் ஏறுமுன் போங்கள். உள்ளே போனதும் சுவரைத் தேடாமல் விதானத்தைப் பாருங்கள். தாமரைக்குளம் அங்கேதான் இருக்கிறது: மீன், யானை, பறவைகள், பூப்பறிப்பவர்கள். இலைகளுக்கு நடுவே மீனைத் தேடும் வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள், நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். கழுத்து வலிக்கு நான் பொறுப்பில்லை.