எஞ்சின் உள்ளே இறங்கிவிடும், அப்புறம்தான் வேலை

மெக்கானிக் பதில்கள்

கேள்வி: அப்பா வைத்திருந்த கார், முப்பது வருஷம் ஆகிறது. 1,300 சி.சி. கார்புரேட்டர் எஞ்சின். இப்போது புகை தள்ளுகிறது. மோதி நொறுங்கிய வேறொரு காரின் 1,800 சி.சி. இன்ஜெக்‌ஷன் எஞ்சினை நண்பன் தருகிறேன் என்கிறான். வீட்டு ஷெட்டிலேயே மாட்டிவிடலாமா ஐயா? எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்.

மாட்டலாம். ஆனால் நண்பனிடம் எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். அந்த நொறுங்கிய காரையே கேளுங்கள். எஞ்சின் என்பது நடுவில் இருக்கும் இரும்பு மட்டுமில்லை. அதன் ஒயரிங் முழுசாக வேண்டும். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. வேண்டும். அந்த ஈ.சி.யூ. அடையாளம் கண்டுகொள்கிற ஒரிஜினல் சாவியும் இம்மொபிலைசர் பெட்டியும் வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. ஆக்சிலரேட்டர் பெடல், பெட்ரோல் பம்ப், சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், ஏர் ஃபில்டர் டப்பா எல்லாம் வரட்டும். ஒயரை வெட்டி எடுக்காதீர்கள். கனெக்டர் கனெக்டராகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் துணி டேப் சுற்றிப் பெயர் எழுதுங்கள். விரல் நீள கனெக்டர் ஒன்றுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

முடிந்தால் அந்த எஞ்சின் பழைய இடத்திலேயே ஓடுவதைக் கேட்டுவிட்டு இறக்குங்கள். ஓட வழியில்லை என்றால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து நாலு சிலிண்டரையும் பாருங்கள். எண் பெரியதா சின்னதா என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று ஒட்டி வருகிறதா என்பதே முக்கியம். எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் பிளேட் நாலையும் மாற்றிவிடுங்கள். வெளியே ஒரு மணி நேரத்தில் முடிகிற ஆயில் சீல் வேலைக்கு, மாட்டிய பிறகு கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும்.

அடுத்தது பெட்ரோல் லைன். கார்புரேட்டருக்கு 0.3 பார் அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 3 பார், அதாவது பத்து மடங்கு. பழைய ரப்பர் ஹோஸையும் பழைய கிளிப்பையும் அப்படியே விட்டால் என்றைக்காவது ஒருநாள் பெட்ரோல் நேராகச் புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டு மேல் பீச்சும். இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்த ஹோஸ், முழு வட்டமாக இறுக்குகிற கிளிப், பல எஞ்சின்களில் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன், இவை மூன்றிலும் சிக்கனம் வேண்டாம். டேங்க் பக்கத்தில் வெல்டிங் வைக்கப் போகிறீர்களா? முதலில் டேங்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

பதிவுச் சான்றில் எஞ்சின் எண் இருந்தால், வாங்கும் முன்பே அதற்கான அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மாட்டிவிட்டுப் போய் நின்றால் கெஞ்ச வேண்டியிருக்கும்.

ஒன்று சொல்லட்டுமா? உங்கள் காரின் அதே மாடலில், அதே குடும்பத்தைச் சேர்ந்த கொஞ்சம் பெரிய எஞ்சின் வந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மவுண்டிங் பெரும்பாலும் அதே இடத்தில் உட்காரும், கியர்பாக்ஸ் சேரும், ரேடியேட்டர் ஹோஸ்கூடச் சேரும். என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் கடிதத்தில் இருக்கும் துடிப்பைப் பார்த்தால் நீங்கள் கேட்கப் போவதில்லை என்று தெரிகிறது.

கேள்வி: அளந்து பார்த்ததில் எஞ்சின் உட்காரும் என்றுதான் தெரிகிறது. மாட்டிய பிறகு எங்கே இடிக்கும் என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

அளக்கும் டேப்பை நம்பாதீர்கள். பெட்டியை அளக்கலாம். எஞ்சின் பெட்டி இல்லை, அதற்கு எல்லாப் பக்கமும் முழங்கை.

நான் செய்வது இது. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பிளாக், மேலே வெறும் ஹெட், கீழே எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப், இவ்வளவை மட்டும் பூட்டி இறக்கிப் பார்ப்பேன். கனம் குறைவு, இருபது தடவை ஏற்றி இறக்கலாம். முதலில் இடிப்பது எப்போதும் சம்ப்தான். ஒரு காரில் எண்ணெய் தேங்கும் பள்ளம் சம்ப்புக்கு முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால். முன்பள்ளம் உள்ள எஞ்சினைக் குறுக்குச் சட்டம் முன்னால் ஓடும் காரில் இறக்கினால் அது சட்டத்தின் மேலேயே குந்திக்கொள்ளும். அப்போது சட்டத்தை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள், சஸ்பென்ஷன் தொங்குவது அதில்தான். வெட்டித் தைக்க வேண்டியது சம்ப்பை. கூடவே ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயையும் இடம் மாற்ற வேண்டும். அதை மறந்தவர் வளைவில் திரும்பும்போது எண்ணெய் எட்டாமல் பேரிங்கைத் தின்றுவிடுவார்.

பானெட்டுக்கு என் வழி களிமண். பிள்ளைகள் உருட்டி விளையாடுவார்களே, காயாத களிமண், அதை எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து எஞ்சினின் உயரமான இடங்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். பானெட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள், ஒட்டாது. மெதுவாக மூடி, திறந்து, நசுங்கிய உருண்டையைக் கத்தியால் நடுவே அறுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 20 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒருபக்கமாகச் சாயும். நிற்கும்போது இடிக்காதது ஓடும்போது இடிக்கும். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவிலும் ஓர் உருண்டை வையுங்கள்.

ஸ்டீயரிங் தண்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத் தனியாகப் பாருங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் குழாய் போனால் நடுவில் வெப்பத் தகடு கட்டாயம்.

கேள்வி: எஞ்சின் ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் வேறு கம்பெனி. லேத்தில் அடாப்டர் பிளேட் செய்து மாட்டினேன். ஓடுகிறது. ஆனால் மூன்று மாதத்தில் இரண்டாவது கிளட்ச் பிளேட்டும் போய்விட்டது, கியர் விழும்போது கரகரக்கிறது. ஏன் அண்ணே?

எஞ்சினைச் சுற்றவைக்கும் கிராங்க் தண்டின் நடுவும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட், அதாவது சுழற்சியை வாங்கும் தண்டின் நடுவும் ஒரே கோட்டில் இல்லை. கண்ணுக்குத் தெரியாது. நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைக் காந்த அடியோடு ஃப்ளைவீலில் பொருத்தி, அதன் முனை கிளட்ச்சை மூடும் பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பைத் தொடும்படி வைத்து, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் மொத்தம் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. அதற்கு மேல் ஆடினால் ஒவ்வொரு சுற்றிலும் கிளட்ச் பிளேட்டின் நடு வளைந்து வளைந்து கொடுக்கிறது என்று அர்த்தம்.

அடாப்டர் பிளேட்டைப் போல்ட்டே பிடித்து நிறுத்தும் என்று நினைத்திருப்பீர்கள். போல்ட் இறுக்கத்தான் செய்யும், இடத்தைக் காப்பது டவல் பின், துளையில் இறுக்கமாக உட்காரும் குட்டை ஊசி. டவல் துளை சரியாக விழவில்லை என்றால் ஆஃப்செட் டவல் போட்டுச் சரிக்கட்டலாம். இன்னொன்று, கிராங்க் முனையில் ஸ்பிகாட் புஷ், அதாவது இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் வளையம், போட்டீர்களா? பல பேர் அந்தச் சின்ன வளையத்தை மறந்துவிட்டு இரண்டு கிளட்ச் பிளேட்டை வீணாக்கிய பிறகுதான் எனக்கு எழுதுகிறார்கள்.

கேள்வி: பெட்ரோல் காரில் டீசல் எஞ்சின் வைக்கப் போகிறேன். எதில் கவனம்?

பிரேக்கில். வேறு எதையோ சொல்வேன் என்று காத்திருந்திருப்பீர்கள், முதலில் இதைக் கேளுங்கள். பெடலை மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் உங்கள் பிரேக் பூஸ்டர், பெட்ரோல் எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. டீசலில் காற்றை அடைக்கும் த்ராட்டில் வேலை பெட்ரோலில் உள்ளதுபோல் இல்லை, அந்த வெற்றிடம் கிடைக்காது. அதனால்தான் டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டர் பின்னாலோ கேம் முனையிலோ ஒரு வாக்குவம் பம்ப் இருக்கும். அதையும் சேர்த்துக் கொண்டுவந்து பூஸ்டரோடு இணையுங்கள். மறந்தால், முதல் சரிவில் பெடல் கல்லாக நிற்கும்.

பிறகு கியர் விகிதம். டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று, பின் ஆக்சில் விகிதம் 4.1, டயர் சுற்றளவு 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. போகும்போது டயர் நிமிஷத்துக்கு 926 சுற்று, எஞ்சின் கிட்டத்தட்ட 3,800. பெட்ரோல் எஞ்சினுக்கு அது பேச்சுக் குரல். பழைய டீசலுக்குக் கத்தல். 3.3 ஆக்சில் கிடைத்தால் அதே வேகத்தில் 3,050க்கு இறங்கிவிடும். காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எஞ்சினைத் தூக்காதீர்கள்.

டேங்க், லைன், ஃபில்டர் எல்லாவற்றையும் கழுவ வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: எட்டு சிலிண்டர் வைக்க ஆசை. முன்பக்கம் கனத்து வண்டி திரும்பாது என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.

சிலிண்டரை எண்ணி எடை சொல்லக் கூடாது. 1961இல் அமெரிக்காவின் ப்யூக் கம்பெனி 3.5 லிட்டரில் அலுமினிய வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. 1963க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். அதன் உரிமையை இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி வாங்கியது. கென் காஸ்டெல்லோ என்கிற ஆங்கிலேயர் அதை எம்ஜி பி என்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்தி விற்றுக் காட்டினார். பிறகு 1973இல் எம்ஜி கம்பெனியே எம்ஜி பி ஜிடி வி8 என்று வெளியிட்டது. அந்த வி8, காரில் முன்பு இருந்த இரும்பு நாலு சிலிண்டரோடு ஏறக்குறைய சம எடை. ஆகவே இரண்டு எஞ்சினையும் தராசில் வையுங்கள், அப்புறம் பயப்படுங்கள்.

எடையைவிட எனக்கு வேகத்தில்தான் கவலை. 100 கி.மீ. வேகத்தில் நிறுத்த வேண்டிய சக்தி, 140இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பழைய டிரம் பிரேக் அதைச் சுமக்குமா? எஞ்சின் வாங்கும் அன்றே பிரேக்கையும் மாற்றுங்கள். ரேடியேட்டரும் அப்படித்தான். எரிபொருளின் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் வழியாகத்தான் வெளியே போகிறது. எஞ்சின் பெரிதானால் ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும்.

கேள்வி: எஞ்சின் மாற்றியாகிவிட்டது. ஸ்டார்ட் போட்டால் மெதுவாகச் சுற்றுகிறது. கிளட்ச் கேபிள் தொட முடியாத சூடு, லேசாகப் புகை. பேட்டரி புதுசு.

சாவியை எடுங்கள். இனி ஒரு தடவைகூடச் சுற்றாதீர்கள். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை போடவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்த மின்சாரம் திரும்பிப் போக வழி தேடுகிறது. இரும்பாலான வழி ஒன்றே ஒன்று, உங்கள் கிளட்ச் கேபிள்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், எனக்கு நடந்தது ஆக்சிலரேட்டர் கேபிளில். இருபத்தாறு வயசு, நானே மாற்றிய முதல் எஞ்சின். ராத்திரி பதினோரு மணிக்கு மூன்று தடவை சுற்றினேன், நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. ஒரே சந்தோஷம். ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்துக் காலை எடுத்தேன், சத்தம் இறங்கவில்லை. கேபிளின் உள்ளுறை உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. எஞ்சின் அலறுகிறது, நான் சாவியைத் தேடுகிறேன், அது என் கையிலேயே இருக்கிற ஞாபகம் இல்லை, கொத்துச் சாவியில் வேறு எதையோ பிடித்துத் திருகுகிறேன். தம்பிதான் ஓடிவந்து தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒயரைப் பிடுங்கினான். எர்த் பட்டை டூல் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

பட்டையை பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்குங்கள். கருகிய கேபிளை மாற்றுங்கள், "பரவாயில்லை, ஓடுகிறதே" என்று விடாதீர்கள்.

கேள்வி: வாடகைக்கு எஞ்சின் கிரேன் எடுக்கிறேன். ஒரு டன் தாங்கும் என்று எழுதியிருக்கிறது. என் எஞ்சின் 150 கிலோதான். கவலை இல்லையே?

அந்த ஒரு டன், கிரேனின் கையை முழுசாக உள்ளே இழுத்திருக்கும்போது. கையை நீட்ட நீட்டக் குறையும். ஒவ்வொரு துளைக்கும் எவ்வளவு என்று கையிலேயே எழுதியிருக்கும், படியுங்கள். பெரும்பாலும் கடைசித் துளையில் கால் பங்குதான். கியர்பாக்ஸோடு சேர்த்துத் தூக்கினால் உங்கள் 150, 200ஐத் தாண்டும். தூக்கிய எஞ்சினுக்கு அடியில் கை வைக்காதீர்கள், ஜாக்கி மட்டும் போட்ட காருக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு போடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் எட்டு மாதமாக ஷெட்டில் எஞ்சின் மாற்றுகிறார். என் சைக்கிளை வெளியே எடுக்க முடியவில்லை. எப்போது முடியும்?

அம்மா, ஷெட்டுக்குள் போய் ரேடியேட்டர் ஹோஸ் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாட்டியிருந்தால் இன்னும் ஒரு மாதம். ஹோஸ் இல்லாமல் வால்வ் கவருக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த வருஷம் இல்லை. சைக்கிளை இப்போதே எடுத்துவிடுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால் எஞ்சின் ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே வரும். 15 நம்பர் ஸ்பேனர் வேண்டியிருக்கும். அவரிடம் கேட்காதீர்கள், அவரும் எட்டு மாதமாக அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.