வீட்டு மாடியில் கல்: கனிமம் சேர்ப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மாடி முழுக்கக் கல்தான். முப்பது வருடமாகச் சேர்க்கிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கேளுங்கள் என்றேன், கேட்டுவிட்டார்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறேன் சார். முதலில் என்ன வாங்கணும்? (நெல்லிக்குப்பம், கல்லூரி மாணவர்)

கல்லை வாங்காதே தம்பி. நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கு. கூடவே ஒரு காந்தம், ஒரு பேனாக் கத்தி. வீடு கட்டுகிற இடத்தில் மெருகு போடாத வெள்ளை டைல்ஸ் துண்டு கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள். கல்லை அதில் தேய்த்தால் உண்மை நிறம் கோடாக விழும். கருப்பாக மினுக்கும் ஹெமடைட் என்ற இரும்புத் தாது செம்பழுப்பாகக் கோடு போடும். பொன்னாக மின்னும் பைரைட் பச்சை கலந்த கருப்பாகப் போடும். 'தங்கம் கிடைத்துவிட்டது' என்று வருகிறவர்களில் பாதிப் பேரை இந்த ஒரு கோட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். கடினத்துக்கு மோஸ் என்பவர் 1812இல் போட்ட அளவுகோல் இன்றும் போதும்; எண் கூடக் கூடக் கடினம். நகம் 2.5, கத்தி ஏறக்குறைய 5.5, நம் ஊர் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) 7. கத்தி கீறினால் அது வெங்கச்சங்கல் இல்லை.

திருவக்கரையில் கல்மரத் துண்டு சிதறிக் கிடக்கிறதே, சின்னதாக ஒன்று எடுக்கலாமா? (லாஸ்பேட்டை)

கூடாது. அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனேரா 1781இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு 'சின்னத் துண்டு' என்று எடுத்திருந்தால் இன்று உங்களுக்குப் பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்? ஏறக்குறைய 2 கோடி வருடத்து மரங்கள் அவை. மணலுக்குள் புதைந்து, மரத்தின் செல் ஒவ்வொன்றிலும் சிலிக்கா கரைந்த நீர் புகுந்து இறுகியதால் வளையம்கூட அழியாமல் கல்லாகிவிட்டது. போனால் ஒன்று கவனியுங்கள்: அடிமரம்தான் கிடக்கும், வேரோ கிளையோ இருக்காது. அங்கேயே வளர்ந்த மரங்கள் அல்ல, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டவை என்று சொல்வதற்கு அதுதான் சாட்சி. வேலிக்கு வெளியே கிடந்தாலும் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

என் ஸ்படிக மாலை அசல்தானா? தண்ணீரில் போட்டால் மறைந்துவிடும் என்கிறார்களே. (முதலியார்பேட்டை, இல்லத்தரசி)

தண்ணீர்ச் சோதனையை விடுங்கள் அம்மா, தெளிந்த கண்ணாடியும்தான் மறைந்த மாதிரி தெரியும். லென்ஸில் பாருங்கள். உருண்டையாகக் காற்றுக்குமிழி தெரிந்தால் கண்ணாடி. மெல்லிய புகைத்திரை மாதிரி, நூலிழை மாதிரி உள்ளே ஓடினால் நல்ல அறிகுறி. அசல் ஸ்படிகம் கன்னத்தில் வைத்தால் கண்ணாடியைவிட ஜில்லென்று இருக்கும், அது வெப்பத்தை வேகமாக இழுப்பதால். 108 மணியும் துளி மாசில்லாமல் பளபளத்து, விலையும் மலிவாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

நெய்வேலியில் வேலை பார்த்த மாமா கொடுத்த பொன்னிறக் கட்டி வெள்ளையாகப் பூத்து, வைத்த அட்டைப்பெட்டியே ஓட்டையாகிவிட்டது. கரையானா? (வடலூர்)

கரையான் இல்லை. பழுப்பு நிலக்கரியோடு வரும் மார்கசைட் அல்லது பைரைட் அது. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரக்காற்று பட்டால் இரும்பு சல்ஃபேட்டாகவும் கந்தக அமிலமாகவும் சிதையும். அந்த அமிலம்தான் உங்கள் பெட்டியைத் தின்றது. கடலோரக்காரர்களுக்கு இது தலைவலி. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கழுவாதீர்கள், கழுவினால் இன்னும் மோசம். பொடியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். பக்கத்தில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் வைத்திருந்தால் முதல் வேலையாக அதை நகர்த்துங்கள், அமிலம் அதையும் அரிக்கும்.

செவ்வந்திக்கல்லை (ஊதா நிற அமெதிஸ்ட்) ஜன்னலோரம் வைக்கலாமா?

வேண்டாம், வெயில் பட்டு நாள்பட வெளுத்துவிடும்.

சீட்டு எழுதி வைப்பது அவ்வளவு அவசியமா? (திருப்பாதிரிப்புலியூர்)

2011 டிசம்பர் 30, தானே புயல். என் மாடியின் தகரக் கூரை பறந்துபோனது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்க் பேனாவில் எழுதிய சீட்டெல்லாம் கூழாகிவிட்டது. இன்றும் ஒரு பெட்டி நிறைய வெள்ளைப் படிகம் வைத்திருக்கிறேன், சேலத்துக் கல்லா காங்கேயத்துக் கல்லா என்று எனக்கே தெரியாது. எங்கே எடுத்தது என்று தெரியாத கல்லை மாற்றிக்கொள்ளக்கூட எவரும் வரமாட்டார்கள். பென்சிலில் எழுதுங்கள், நனைந்தாலும் கரையாது. கல்லிலேயே ஓரமாக எண் போட்டு, நோட்டு ஒன்றிலும் ஏற்றுங்கள்.

ஆன்லைனில் பளீர் நீலப் படிகம் 300 ரூபாய்க்கு வாங்கினேன், அபூர்வம் என்றார்கள். (வில்லியனூர்)

படம் பார்த்தேன். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட். சூடான தண்ணீரில் கரைத்து ஆறவிட்டால் வீட்டிலேயே வளர்க்கலாம். விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நீலம்தான் வேண்டுமென்றால் புனே பக்கம் வாகோலி குவாரியில் கிடைக்கும் கேவன்சைட் என்ற நீலக் கனிமத்துக்குக் காசு சேருங்கள்.

அரிக்கன்மேட்டுப் பக்கம் மழைக்குப் பின் மணி கிடைத்தால்? (வீராம்பட்டினம்)

தொடாதீர்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். பழங்காலத் துறைமுகம் அது, தொல்லியலாளர் வீலர் 1945இல் தோண்டிய இடம். சூதுபவளம், செவ்வந்திக்கல், கார்னெட் எல்லாம் அங்கே மணியாகியிருக்கின்றன. கிடந்த இடத்தைவிட்டு எடுத்தால் வெறும் மணிதான்.

கல்லுக்குச் சக்தி உண்டா?

உண்டு. மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொள்ளும்.

தாத்தா, செங்கல் கனிமமா? ஐஸ்கட்டி? (தேவனாம்பட்டினம், நான்காம் வகுப்பு)

செங்கல் இல்லை கண்ணு, மனுஷன் சுட்டது. ஃப்ரிட்ஜில் வைத்த ஐஸும் சேராது. ஆனால் வானத்திலிருந்து விழும் ஆலங்கட்டி கனிமம்தான்! தானாக உண்டானது, திடமானது, உள்ளே அணுக்கள் வரிசையாக நிற்பது. அடுத்த தடவை விழுந்தால் மழை விட்டதும் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடி வா, உருகுவதற்குள் லென்ஸில் பார்த்துவிடலாம்.